முயலுக்கு வயிறு சரியில்லை என்றால் உள்ளே என்ன நடக்கிறது?

முயல் வளர்க்கும் வீடுகளில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது: “நேத்துலேர்ந்து சரியா சாப்பிடல, வயிறு சரியில்ல போல, நாளைக்குப் பாப்போம்.” நாயோ பூனையோ ஒரு வேளை, இரண்டு வேளை சாப்பிடாமல் படுத்திருந்தால் பெரும்பாலும் தானாகவே தேறிவிடும். முயலுக்கு அப்படி விட்டுப் பார்க்க முடியாது. நன்றாக இருந்த முயல் 12 மணி நேரமாக எதையும் தின்னவில்லை, புழுக்கையும் போடவில்லை என்றால் அது அவசர நிலை. மறுநாள் காலை வரை காத்திருந்த ஒரே காரணத்தால் செத்துப்போகும் முயல்கள் உண்டு.

வளர்ப்பவர்களுக்கு அக்கறை இல்லை என்று சொல்ல மாட்டேன். அவர்களுக்குக் கிடைக்கும் தகவல் அப்படி. முயலுக்குக் கேரட் என்று குழந்தைகளின் படப்புத்தகம் சொல்கிறது. ‘தண்ணீர் வைத்தால் முயல் செத்துவிடும், தழையில் இருக்கும் ஈரமே போதும்’ என்று பக்கத்து வீட்டுப் பெரியவர் சொல்கிறார். ‘தவிடும் பிண்ணாக்கும் வையுங்கள், நன்றாகக் கொழுக்கும்’ என்று விற்றவர் சொல்லி அனுப்புகிறார். இவற்றில் ஒன்றுகூட முயலின் குடலைப் பார்த்துச் சொன்னது இல்லை. அந்தக் குடல் எப்படி வேலை செய்கிறது என்று ஒருமுறை பிடிபட்டுவிட்டால், எதைக் கொடுக்கலாம் எதைக் கொடுக்கக் கூடாது என்று நீளமான பட்டியலை மனப்பாடம் செய்ய வேண்டியிருக்காது.

பண்ணை முயலும் வீட்டு முயலும்

முயல் வளர்ப்பு என்று தமிழில் தேடினால் கிடைப்பதில் பெரும்பகுதி பண்ணைத் தொழிலுக்காக எழுதப்பட்டது. நீலகிரியில் சாண்டிநல்லாவிலும், கொடைக்கானல் மலையில் மன்னவனூரிலும் உள்ள ஆராய்ச்சி நிலையங்கள் முயல்களை வளர்த்து ஆய்வு செய்கின்றன. சோவியத் சின்சில்லா, வெள்ளை ஜெயன்ட் என்ற இனப் பெயர்களை நம்மூர்ப் பண்ணையாளர்கள் நன்றாகவே அறிவார்கள். அந்தத் தொழிலுக்கான தீவனக் கணக்கில் தவறு எதுவும் இல்லை. ஆனால் அது மூன்று, நான்கு மாதத்தில் சுமார் 2 கிலோ எடை வந்ததும் விற்கப்படும் முயலுக்கான கணக்கு. வீட்டு முயல் 8 முதல் 10 வருடம் வரை உங்களோடு இருக்கப்போகிறது. சீக்கிரம் எடை ஏற்றும் தீனியை வருடக்கணக்கில் கொடுத்தால் கொழுப்பும் பல் கோளாறும் குடல் கோளாறும்தான் மிஞ்சும்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நம் காடுகளிலும் கொல்லைகளிலும் ஓடும் காட்டு முயல் வேறு இனம். அதைப் பிடித்து வளர்ப்பது சட்டப்படி குற்றம். வீட்டில் வளர்க்கும் முயல் ஸ்பெயின், போர்ச்சுகல் பகுதியின் காட்டு முயலிலிருந்து வந்தது. சத்துக் குறைந்த முரட்டுப் புல்லைப் பொழுது முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக மேய்ந்தே பிழைக்கும்படி அமைந்த உடம்பு அது. கேரட் போன்ற கிழங்கோ தானியமோ அதன் அன்றாட உணவாக இருந்ததே கிடையாது.

புல்லை உண்மையில் செரிப்பது யார்?

புல்லில் உள்ள நாரின் முக்கியமான பொருள் செல்லுலோஸ். அதை உடைக்கும் நொதி நம் உடம்பில் இல்லை. மாட்டின் உடம்பிலும் இல்லை, முயலின் உடம்பிலும் இல்லை. உள்ளே குடியிருக்கும் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள்தான் அதை உடைத்துக் கொடுக்கின்றன. அப்படி உடைப்பதற்கு நொதித்தல் என்று பெயர். புல் தின்னும் ஒவ்வொரு விலங்கும் இந்த நுண்ணுயிர்களுக்கு உடம்புக்குள் ஓர் இடம் ஒதுக்கி வைத்திருக்கிறது. அந்த இடம் எங்கே இருக்கிறது என்பதில்தான் மாட்டுக்கும் முயலுக்கும் வித்தியாசம்.

மாட்டுக்கு அந்த இடம் முன்னால் இருக்கிறது. தின்ற புல் முதலில் பெரிய வயிற்றறைக்குப் போய் நொதிக்கும். மாடு அதைத் திரும்ப வாய்க்குக் கொண்டுவந்து அசைபோடும். பிறகுதான் உணவும், அதோடு சேர்ந்து நுண்ணுயிர்களும், உண்மையான செரிமான வயிற்றுக்கும் சிறுகுடலுக்கும் போகும். சத்து வீணாவதில்லை.

முயலுக்கு அது பின்னால் இருக்கிறது. தின்றது முதலில் வயிறு, அடுத்து சிறுகுடல் என்று வந்து, அதற்குப் பிறகுதான் நொதிக்கும் பைக்குப் போகிறது. சிறுகுடலும் பெருங்குடலும் சேரும் இடத்தில் இருக்கும் இந்தப் பைக்கு சீக்கம் என்று பெயர். நமக்கும் சீக்கம் உண்டு, ஆனால் மிகச் சிறியது. குடல்வால் தொங்குவது அதன் முனையில்தான். முயலுக்கோ மொத்தச் செரிமானப் பாதையின் கொள்ளளவில் ஏறக்குறைய 40 சதவீதத்தைச் சீக்கமே பிடித்துக்கொள்கிறது. வயிற்றைவிடப் பல மடங்கு பெரியது.

சாண எரிவாயுக் கலனை வைத்திருந்தவர்களுக்கு இது எளிதில் புரியும். தினமும் அதே அளவு சாணக் கரைசலை ஊற்றி, அதே அளவு வெளியே வந்துகொண்டிருந்தால் கலன் வருடக்கணக்கில் ஒழுங்காக ஓடும். ஒருநாள் கல்யாண வீட்டுச் சோற்றையும் கஞ்சியையும் கொண்டுபோய்க் கொட்டினால் உள்ளே புளித்துப்போய், நல்ல நுண்ணுயிர்கள் அடங்கி, கலன் கெட்டுவிடும். சாணத்தைவிடச் சோற்றில் சத்து அதிகம்தான். அந்த அதிகச் சத்தே அங்கே வினையாகிறது. முயலின் சீக்கமும் அப்படியே: மெதுவாக உடையும் நார் வந்துகொண்டிருந்தால் அதன் நுண்ணுயிர்கள் ஒழுங்காக இருக்கும். மாவுச்சத்தும் சர்க்கரையும் அளவுக்கு மிஞ்சி வந்து சேர்ந்தால், வேகமாகப் பெருகும் வேறு பாக்டீரியாக்கள் இடத்தைப் பிடித்து வாயுவையும் நச்சையும் உண்டாக்கும்.

இதுவரை சொன்னதைச் சுருக்கினால்: முயலின் உணவை நொதிக்க வைப்பது நுண்ணுயிர்கள்; அவை இருக்குமிடம் சீக்கம்; அது சிறுகுடலுக்குப் பின்னால் இருக்கிறது.

நாரைத் தரம் பிரிக்கும் பெருங்குடல்

இனி வருவதுதான் முயலின் உடம்பில் மிக நுட்பமான இடம். பெரும்பாலான குழப்பங்கள் இதைத் தெரிந்துகொள்ளாததால்தான் வருகின்றன.

சீக்கத்தை அடுத்து வரும் பெருங்குடலின் முதல் பகுதி, வருவதை இரண்டாகப் பிரிக்கிறது. அரை மில்லிமீட்டருக்கு மேற்பட்ட முரட்டு நார்த் துண்டுகள் குடலின் நடுப்பகுதி வழியே நேராக முன்னால் போகின்றன. பொடியான துகள்களும் நீரும் குடல் சுவரை ஒட்டி ஒதுங்கி, பின்னோக்கித் தள்ளப்பட்டு மறுபடி சீக்கத்துக்கே வந்து சேர்கின்றன. ஒரே குடலில் ஒரே நேரத்தில் ஒன்று முன்னால் போகிறது, ஒன்று பின்னால் வருகிறது. முன்னால் போன முரட்டு நார் நீர் வற்றி, உருண்டையாகி, தின்ற சில மணி நேரத்தில் புழுக்கையாக வெளியே விழுந்துவிடுகிறது.

அப்படியானால் அந்த முரட்டு நாரிலிருந்து முயலுக்குக் கிடைக்கும் சத்து என்ன? கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. ஆனாலும் அது இல்லாமல் முயல் உயிர்வாழ முடியாது. குடல் சுவரைத் தூண்டி அதைச் சுருங்கி விரிய வைப்பது அந்த நார்தான். முரட்டு நார் வந்துகொண்டே இருந்தால் குடல் நகர்ந்துகொண்டே இருக்கும். வருவது குறைந்தால் நகர்வும் குறையும். ‘புல்லில் என்ன சத்து இருக்கிறது, பாவம், கொஞ்சம் ரொட்டி வைப்போம்’ என்ற கரிசனம் தடம் மாறுவது இங்கேதான். சத்து குறைவு என்பதற்காகவே புல் முயலுக்குத் தேவைப்படுகிறது.

நாரில் இரண்டு வகை வேலை நடக்கிறது என்று நினைவில் வைத்தால் போதும். முரட்டு நார் குடலைத் தள்ளுகிறது. பொடி நார் சீக்கத்தில் நுண்ணுயிர்களுக்கு இரையாகிறது.

இரண்டு வகைப் புழுக்கை

சீக்கம் பின்னால் இருப்பதில் ஒரு சிக்கல் உண்டு. அங்கே நுண்ணுயிர்கள் உண்டாக்கும் புரதமும் பி வகை வைட்டமின்களும் வைட்டமின் கே-யும் சிறுகுடலைத் தாண்டிய இடத்தில் உருவாகின்றன. சிறுகுடல்தான் சத்தை உறிஞ்சும் முக்கியமான இடம். உணவு அதைத் தாண்டி வந்துவிட்டதே! முயல் இதற்கு வைத்திருக்கும் வழி, அந்தச் சத்தை இன்னொரு முறை தின்பது.

நாளில் சில வேளைகளில், பெரும்பாலும் பின்னிரவிலோ விடிகாலையிலோ, சீக்கத்தில் நொதித்த குழம்பு சிறு சிறு உருண்டைகளாகி, மேலே சளி போன்ற உறை பூசிக்கொண்டு வெளியே வருகிறது. முயல் குனிந்து அதைத் தரையில் விழ விடாமல் நேராக வாயிலேயே வாங்கி விழுங்கிவிடும். இதற்கு சீக்கப் புழுக்கை என்று பெயர் வைத்துக்கொள்வோம். சளி உறை இருப்பதால் வயிற்று அமிலம் உடனே அதைக் கரைத்துவிடாது. உறைக்குள் நொதித்தல் இன்னும் சில மணி நேரம் தொடரும், பிறகு சத்து சிறுகுடலில் உறிஞ்சப்படும். 1882-இல் மோரோ என்ற பிரெஞ்சுக் கால்நடை மருத்துவர் இதைக் கவனித்து எழுதினார். அதற்கு முன்பும் முயல்கள் இதைத்தான் செய்துகொண்டிருந்தன, பார்த்தவர்கள் முயல் உடம்பை நக்கிச் சுத்தம் செய்வதாக எண்ணிக்கொண்டார்கள். இன்றும் வீட்டில் இதைப் பார்த்து அருவருத்து, முயலின் முகத்தைப் பிடித்துத் தடுப்பவர்கள் இருக்கிறார்கள். தடுக்கக் கூடாது.

இரண்டையும் கையில் எடுத்துப் பார்த்தால் வித்தியாசம் சட்டென்று தெரியும். சாதாரணப் புழுக்கை கொண்டைக்கடலை அளவில் உருண்டையாக, காய்ந்து, ஏறக்குறைய வாசனையே இல்லாமல் இருக்கும். விரலால் நசுக்கினால் பொலபொலவென்று உதிர்ந்து, உள்ளே இடித்த காய்ந்த புல் அப்படியே தெரியும். நிறம் வைக்கோல் பழுப்பு அல்லது பச்சை கலந்த பழுப்பு. சீக்கப் புழுக்கை கருமையாக, பளபளப்பாக, சின்னச் சின்ன உருண்டைகள் ஒட்டிய கொத்தாக இருக்கும். நசுக்கினால் களிம்பு மாதிரி அப்பிக்கொள்ளும், நாற்றமும் அடிக்கும்.

நல்ல ஆரோக்கியத்தில் உள்ள முயலின் கூண்டில் இந்த இரண்டாவது வகை கண்ணில் படவே படாது. அடிக்கடி பட்டால் மூன்றில் ஒன்று: தீனியில் சத்து மிஞ்சிப்போய், அது தேவைக்குமேல் உருவாகிறது, அல்லது முயல் குண்டாகி, குனிந்து எட்ட முடியவில்லை, அல்லது முதுகிலோ மூட்டிலோ வலி. பலர் இதைக் கழிச்சல் என்று நினைத்து மருந்து கொடுக்கிறார்கள். தீனியைச் சரிசெய்ய வேண்டிய இடத்தில் மருந்துக்கு வேலையே இல்லை. பின்புறம் இது அப்பிக்கொண்டு கிடந்தால் மட்டும் அன்றே வெதுவெதுப்பான நீரில் துடைத்து, நன்றாக உலர்த்திவிடுங்கள். நம் வெயிலுக்கு ஈ மொய்த்து ஒரே நாளில் புழு வைத்துவிடும்.

குடல் நின்றுபோவது

மருத்துவர்கள் ‘ஜி.ஐ. ஸ்டேசிஸ்’ என்று சொல்வதைத் தமிழில் குடல் முடக்கம் எனலாம். குடலின் நகர்வு மிகவும் மந்தமாகிப்போவது அல்லது நின்றேபோவது. இதைத் தனி நோய் என்பதைவிட, பல காரணங்கள் வந்து முடியும் இடம் என்று சொல்வதே பொருத்தம்.

நடப்பது ஒரு சுழற்சி. ஏதோ ஒரு காரணத்தால் முயல் தின்பது குறைகிறது. முரட்டு நார் வராததால் குடல் மந்தமாகிறது. நின்றுபோன உணவிலிருந்து உடம்பு நீரை உறிஞ்சிக்கொண்டே இருப்பதால் வயிற்றில் உள்ளது காய்ந்து கெட்டியாகிறது. சீக்கத்தில் வாயு சேர்கிறது. வாயு குடலை உப்ப வைத்து வலியைக் கொடுக்கிறது. வலி வந்த முயல் இன்னும் தின்னாது. சுற்று மறுபடி தொடங்குகிறது, முன்பைவிட மோசமாக. முயலால் வாந்தி எடுக்க முடியாது என்பதால் உள்ளே சேர்ந்தது வெளியேற வேறு வழியும் இல்லை. குண்டான முயலாக இருந்தால் பட்டினியில் உடம்பின் கொழுப்பு கல்லீரலில் போய்ப் படிந்து, கல்லீரலே செயலிழக்கலாம்.

‘முடி அடைச்சிக்கிச்சு’ என்பது பரவலாகச் சொல்லப்படும் காரணம். முயல் தன்னை நக்கிக்கொண்டே இருக்கும் பிராணி, அதன் வயிற்றில் எப்போதுமே கொஞ்சம் முடி இருக்கும். குடல் ஓடும்வரை அது புழுக்கையோடு போய்விடும். சில நேரம் முடியால் கோத்த மாலைபோலப் புழுக்கைகள் வருவதைப் பார்த்திருப்பீர்கள். குடல் நின்று நீர் வற்றிய பிறகுதான் அந்த முடி உணவோடு இறுகிக் கட்டியாகிறது. பெரும்பாலும் முடக்கம் முதலில், கட்டி பிறகு.

தொடக்கக் காரணங்களில் முதலிடம் நார் குறைந்த தீனிக்கு. இரண்டாவது, உடம்பில் வேறெங்கோ உள்ள வலி. அதில் பல்லைத் தனியாகச் சொல்ல வேண்டும். முயலின் எல்லாப் பற்களும் ஆயுள் முழுக்க வளரும். முன்பற்கள் வாரத்துக்கு 2 மில்லிமீட்டர் அளவுக்கு வளர்கின்றன. புல்லைப் பக்கவாட்டில் அரைத்து அரைத்துத் தின்றால்தான் கடைவாய்ப் பற்கள் தேயும். மென்மையான தீனியிலேயே வளரும் முயலுக்குக் கடைவாய்ப் பல்லின் ஓரம் கூராகி நாக்கையும் கன்னத்தையும் கிழிக்கும். தட்டருகே ஆவலாக வந்து, வாயில் எடுத்துவிட்டுக் கீழே போடும் முயலுக்கு, தாடை நனைந்திருக்கும் முயலுக்கு, முதலில் பல்லைப் பார்க்க வேண்டும். அதற்குப் பிறகு பயம், பயணம், கூட இருந்த துணை இறந்துபோவது, நாய் குரைப்பது. தீபாவளி வெடிச் சத்தம் பல வீட்டு முயல்களைச் சாப்பிடாமல் செய்துவிடுகிறது.

வெயிலும் அப்படித்தான். முயலுக்கு வியர்க்காது, காது வழியாகத்தான் பெரும்பாலும் உடம்புச் சூட்டை வெளியேற்றும். 15 முதல் 20 டிகிரி செல்சியஸ் அதற்குச் சுகமான தட்பம். 30-ஐத் தாண்டினால் திணறும், தின்பதைக் குறைக்கும். நம்மூர் சித்திரை, வைகாசியில் மொட்டை மாடித் தகரக் கூரைக்குக் கீழே கூண்டு வைப்பது கொடுமை. வீட்டுக்குள் தரையில், காற்றோட்டமான மூலையில் இடம் கொடுங்கள். ஃப்ரீசரில் உறைய வைத்த தண்ணீர் பாட்டிலைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வைத்தால் அதில் சாய்ந்து படுத்துக்கொள்ளும்.

அறிகுறிகளில் முந்தி வருவது புழுக்கையில்தான் தெரியும். எண்ணிக்கை குறையும், உருண்டைகள் மிளகளவுக்குச் சிறுத்துப்போகும், வடிவம் கோணலாகும். அடுத்து, பிடித்த கொத்தமல்லியைக்கூட முகர்ந்துவிட்டு விலகும். முதுகைக் கூனிக்கொண்டு மூலையில் அமரும், வயிற்றைத் தரையில் அழுத்தும், பல்லை நறநறவென்று கடிக்கும். காது சில்லென்று இருந்தால் நிலைமை முற்றிவிட்டது. முயலின் இயல்பான உடல் சூடு 101 முதல் 103 டிகிரி ஃபாரன்ஹீட். 100-க்குக் கீழே இறங்குவது ஆபத்து.

எல்லா அடைப்பும் ஒரே மாதிரி இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். குடல் மெல்ல மந்தமாவது ஒன்று. முடிக் கட்டியோ துணியோ பிளாஸ்டிக்கோ குடலில் சிக்கி, பாதையே அடைபடுவது வேறு. காலையில் நன்றாக இருந்த முயல் சில மணி நேரத்திலேயே வயிறு விறைத்துப்போய்ச் சுருண்டு விழுந்தால் இரண்டாவதைச் சந்தேகிக்க வேண்டும். அந்த நிலையில் சிரிஞ்சு வைத்து உணவைத் திணிப்பது வயிற்றை வெடிக்கவே வைக்கலாம். எது என்று மருத்துவர் பார்த்துச் சொன்ன பிறகுதான் ஊட்ட வேண்டும்.

சுருக்கம் இதுதான்: தின்பது குறைந்தால் குடல் மந்தமாகும், மந்தமானால் வாயுவும் வலியும், வலித்தால் தின்னாது. எவ்வளவு சீக்கிரம் இந்தச் சுற்றை வெட்டுகிறோமோ அவ்வளவுக்குப் பிழைக்க வாய்ப்பு.

தட்டில் என்ன இருக்க வேண்டும்?

முக்கால் பங்குக்கு மேல் புல். பச்சையாகவோ காய்ந்ததாகவோ, இரவும் பகலும் தீராமல் இருக்க வேண்டும். முயல் தன் உடம்பளவு காய்ந்த புல்லை ஒரு நாளில் பிரித்து மேயும்படி வைத்தால் அளவு சரி.

கடைகளில் திமோத்தி ஹே என்று விற்பது குளிர் நாட்டுப் புல். நல்லதுதான், விலை அதிகம். அதை வாங்க முடியாது என்பதற்காகத் தீவனக் குச்சிக்கு (கடையில் பெல்லட் என்று விற்பது) மாறிவிடுகிறவர்கள் நிறைய. நம் மண்ணிலேயே அருகம்புல், கொழுக்கட்டைப் புல், கினியாப் புல் எல்லாம் வளர்கின்றன. பால் மாடு வைத்திருப்பவர்களிடம் கோ-4, கோ-5 தீவனப் புல்லும் கிடைக்கும். பச்சையாகவே கொடுக்கலாம். சேமிக்க வேண்டுமானால் முற்றிப் பூத்து விதை பிடிப்பதற்கு முன் அறுத்து, காற்றோடும் நிழலில் மெல்லிய படுகையாகப் பரப்பி, ஒரு நாளைக்கு இரண்டு மூன்று முறை புரட்டிவிடுங்கள். தண்டை வளைத்தால் படக்கென்று ஒடிய வேண்டும். வளைந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. நன்றாகக் காய்ந்தது வெளிர்பச்சையாக, கையில் எடுத்தால் மணமாக இருக்கும். புழுங்கிய வாசனை வந்தாலோ வெள்ளைப் பூசணம் தெரிந்தாலோ மொத்தமாகக் கொட்டிவிட வேண்டும், பொறுக்கிப் பார்த்துக் கொடுக்கக் கூடாது. சாலையோரப் புல், மருந்தடித்த வயல் வரப்புப் புல், இயந்திரத்தில் வெட்டிக் குவித்துச் சூடேறிய புல் வேண்டாம். இளஞ்சோளப் பயிரில் நச்சு இருப்பதால் அதையும் தவிர்த்துவிடுங்கள்.

நெல் வைக்கோலைப் பலர் கேட்கிறார்கள். படுக்கைக்குப் போடலாம், முயல் அதைக் கொறித்தாலும் கெடுதல் இல்லை. ஆனால் அதையே முக்கிய உணவாக வைத்தால் உடம்பு தேயும்.

குதிரைமசால், வேலிமசால், அகத்தி, முருங்கை போன்றவை புல் இல்லை. புரதமும் சுண்ணாம்புச் சத்தும் அதிகம் உள்ளவை. வளரும் குட்டிக்கும் பால் கொடுக்கும் தாய்க்கும் நல்லவை. நம் உடம்பு தேவைக்கேற்பச் சுண்ணாம்பைக் குடலிலேயே கட்டுப்படுத்தி எடுத்துக்கொள்ளும். முயலின் உடம்போ தீனியில் வந்ததில் பெரும்பங்கை உறிஞ்சிவிட்டு, மிஞ்சியதைச் சிறுநீரில் தள்ளும். வயது வந்த முயலுக்கு இவற்றையே தினமும் கொடுத்தால் சிறுநீர் சுண்ணாம்புக் கரைசலாகக் கெட்டியாகி, கல் வரைக்கும் போகலாம். வாரத்தில் சில நாள், சில கொத்து போதும்.

கீரை, தழைகளில் கொத்தமல்லி, புதினா, முள்ளங்கி இலை, கேரட்டின் மேல்தழை, கல்யாண முருங்கை இலை என்று மாற்றி மாற்றி ஒரு கைப்பிடி. ஈரத் தழை கொடுத்தால் கழியும் என்று சொல்வார்கள். கழுவிய தண்ணீரால் எதுவும் ஆகாது. குவித்து வைத்து வெந்துபோன தழையால்தான் ஆகும். கேரட் கிழங்கும் பழமும் இனிப்புப் பண்டம் என்று நினைத்துக்கொள்ளுங்கள்: எப்போதாவது ஒரு மெல்லிய வில்லை. பிஸ்கட், ரொட்டி, சோறு, பொரி, கடலை, பருப்பு, மக்காச்சோளம் கூடவே கூடாது. வெங்காயம், பூண்டு, உருளைக்கிழங்கு, சாக்லேட் ஆகியவையும் அப்படியே.

தீவனக் குச்சி கொடுப்பதாக இருந்தால், ஒரு கிலோ உடல் எடைக்கு நாளொன்றுக்கு 20, 25 கிராமுக்கு மேல் வேண்டாம். கிண்ணம் நிறைய வைத்தால் அதைத் தின்றுவிட்டுப் புல்லைத் தொடாது.

தண்ணீரைப் பற்றி ஐயமே வேண்டாம். 2 கிலோ முயல் நாளைக்கு 100 முதல் 300 மில்லி வரை குடிக்கும், வெயிலில் இன்னும் கூடும். தண்ணீர் இல்லாவிட்டால் தின்பதும் நின்றுபோகும், குடலும் வறண்டுபோகும். கவிழாத மண் கிண்ணத்தில் எப்போதும் வைத்திருங்கள். கூண்டில் தொங்கவிடும் குழாய் பாட்டிலைவிடக் கிண்ணத்தில் முயல் இயல்பாகக் குடிக்கிறது.

எந்த மாற்றத்தையும் இரண்டு, மூன்று வாரத்தில் சிறிது சிறிதாகச் செய்யுங்கள். சீக்கத்தின் நுண்ணுயிர்கள் புதிய இரைக்குப் பழக அவ்வளவு நாள் வேண்டும்.

குட்டிகளின் வயிறு

சந்தையில் உள்ளங்கையளவு குட்டிகளை விற்கிறார்கள், பார்த்தால் மனம் இளகும். அவற்றில் பல தாயிடமிருந்து மிக முன்னதாகவே பிரிக்கப்பட்டவை. பால் குடிக்கும் குட்டியின் வயிற்றில் அமிலம் குறைவு, பாலில் உள்ள பொருள்கள்தான் கிருமியைத் தடுக்கின்றன. அந்தப் பாதுகாப்பு விலகி, வயிற்று அமிலம் கூடி, சீக்கத்தில் நல்ல நுண்ணுயிர்கள் குடியேறும்வரை குடல் தொற்றுக்கு எளிதில் இடம் கொடுக்கும். தாயின் புழுக்கையைத் தின்றுதான் குட்டி அந்த நுண்ணுயிர்களைப் பெறுகிறது. 6 முதல் 8 வாரம்வரை தாயோடு விடப்பட்ட குட்டியை மட்டும் வாங்குங்கள்.

தாய் முயல் நாளுக்கு ஒருமுறை, சில நிமிடம் மட்டுமே பால் கொடுக்கும். நாள் முழுக்க அருகில் போகவில்லையே என்று பதறிப் பசும்பால் புகட்டத் தேவையில்லை. குட்டிகளின் வயிறு உருண்டு இருந்தால் பால் குடித்திருக்கின்றன.

குட்டிக்கு நீராகக் கழிந்தால் ஒரு மணி நேரம்கூடத் தள்ளிப்போடாதீர்கள். காக்சிடியா என்ற ஒட்டுண்ணி இளம் முயல்களை வேகமாகக் கொல்லும். புழுக்கைப் பரிசோதனையில் கண்டுபிடித்துவிடலாம், மருந்தும் உண்டு.

மருந்துக் கடைக்குப் போகும் முன்

முயலுக்கு மருந்தே எமனாகும் சந்தர்ப்பம் ஒன்று உண்டு. வாய்வழியாகக் கொடுக்கும் அமாக்சிசிலின், ஆம்பிசிலின், லிங்கோமைசின், கிளின்டாமைசின் போன்ற ஆன்டிபயாடிக்குகள் சீக்கத்தின் நல்ல பாக்டீரியாக்களை அழித்துவிடும். காலியான இடத்தில் கிளாஸ்ட்ரிடியம் என்ற வகை பெருகி நச்சைச் சுரக்கும். பிறகு கடும் கழிச்சல், பெரும்பாலும் மரணம். குழந்தைக்குக் கொடுத்து மீந்த சிரப்பில் சிறிதளவு என்று தொடங்குவது இப்படி முடிந்துவிடுகிறது. கழிச்சலை நிறுத்தும் மாத்திரை, இனிப்புச் சேர்ந்த கிரைப் வாட்டர் இவற்றையும் நீங்களாகக் கொடுக்காதீர்கள்.

மருத்துவரைத் தேர்ந்தெடுக்கும்போது ‘முயல் பார்ப்பீர்களா’ என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். நாய், பூனை மட்டுமே பார்த்துப் பழகியவர்கள் உண்டு, அதில் அவர்கள் தவறு எதுவும் இல்லை. சென்னை வேப்பேரி, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி ஆகிய இடங்களில் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. உங்களுக்கு அருகில் யார் என்பதை முயல் நன்றாக இருக்கும்போதே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். இரவு 11 மணிக்குத் தேடத் தொடங்கினால் கிடைக்காது.

கொண்டுபோகும்போது கடைசியாகப் போட்ட புழுக்கையை ஒரு காகிதத்தில் மடித்து எடுத்துச் செல்லுங்கள். கடைசியாக எப்போது தின்றது, எதைத் தின்றது, இந்த வாரத்தில் புதிதாக என்ன கொடுத்தீர்கள், உடல் எடை எவ்வளவு என்று நான்கையும் எழுதிக்கொண்டு போனால் அவருக்குப் பாதி வேலை குறையும். வாரம் ஒருமுறை சமையலறைத் தராசில் நிறுத்துப் பார்க்கும் பழக்கம் இருந்தால் அந்த எடை உங்கள் கையில் தயாராக இருக்கும். கூடையில் முயலுக்குப் பழகிய புல்லை ஒரு கைப்பிடி போட்டுவிடுங்கள். காத்திருக்கும் நேரத்தில் ஒரு தண்டைக் கடித்தாலும் மருத்துவரிடம் சொல்ல வேண்டிய செய்தி அது.